ஒண்ணும் இல்ல சார்

ஐப்பசி, செவ்வாய் இரவு.

பட்டறையில் இன்று கிரேன் சங்கிலி அறுந்து, வெல்டர் சேகரின் காலில் இரும்புத் தகடு விழுந்தது. தென்னூர் ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

வராந்தாவில் கிரேன் ஓட்டும் மணி நின்றான். சங்கிலியில் விரிசல் இருந்ததைக் காலையிலேயே பார்த்தானாம்.

"ஏன்யா சொல்லல?" என்றேன்.

"போன மாசம் கொக்கி தேஞ்சிருக்குன்னு சொன்னேன் சார். வேலை செய்ய வலிக்குதான்னு எல்லார் முன்னாடியும் கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

குரலில் கோபம்கூட இல்லை. அன்று உரக்கச் சிரித்தவன் சேகர்தான்.

தினமும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து, "ஏதாவது பிரச்சனை இருக்கா?" என்று கேட்பேன். "ஒண்ணும் இல்ல சார்" என்பார்கள். என் ஷிஃப்டில் குறையே வராது என்று மேனேஜரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

நாளைக் காலையும் கேட்டாக வேண்டும். அதையேதான் சொல்வார்கள்.