தொப்புளுக்குக் கீழே இரண்டு விரல்

அன்பு மச்சான்,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. இருந்த காலத்தில் உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் உங்களால் படித்திருக்க முடியாது. கோயில் பாட்டு நாலு வரி உங்களுக்கு வாயில் வரும், எழுத்து வராது. ஆகவே அன்று எழுதாததில் பெரிய நஷ்டம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கலையில் எனக்கு இருக்கும் தேர்ச்சி உங்களுக்குத் தெரியும்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் தங்கை அன்னம் நலம். முழங்கால் வலி என்று நாள் முழுவதும் சொல்கிறாள், பஸ் வந்து நின்றால் எனக்கு முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறாள். நாட்டுச் செய்தி, அடுத்த மாதம் நம் தீவுக்குச் சுதந்திரம். கொடி ஏறும்போது எப்படி நிற்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு சுற்றறிக்கை வந்துவிட்டது. அதற்குப் பிறகு எப்படி நடக்க வேண்டும் என்பது பற்றி இன்னும் ஒன்றும் வரவில்லை.

குமாஸ்தாக்களுக்கு நிற்கக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பை மேலதிகாரி என்னிடம் தந்திருக்கிறார். காரணம் என் வயிறு. ஐம்பத்திரண்டு வயதில் அது தட்டையாக இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர்கள் ரகசியம் கேட்கிறார்கள். "ஒழுக்கம்" என்று சொல்கிறேன். உங்கள் பெயரை ஒரு தடவையும் சொன்னதில்லை. வெட்கப்பட வேண்டியவற்றில் இது சின்னது. பெரியது இனிமேல்தான்.

போன ஞாயிறு உங்கள் மகள் லெட்சுமி பீனிக்ஸ் வீட்டுக்கு எங்களைப் பார்க்க வந்தாள். சாந்த் குருவா கோயிலில் மாலை வகுப்பில் அவள் இப்போது தமிழ் ஆசிரியை. கையில் மஞ்சளேறிய பழைய பத்திரிகை ஒன்று வைத்திருந்தாள். நான் அதைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன்.

"மாமா, சுதந்திர விழாவுக்கு என் பிள்ளைகள் இதைத்தான் மேடையில படிக்கப் போறாங்க. நீங்க எழுதினது. நிமிர்ந்து நிக்கிற நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமா வேற என்ன இருக்கு?"

அன்னம் அடுப்படியில் கரண்டியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

அந்தக் கட்டுரை உங்களுக்கு நினைவிருக்கும். ஆனால் நான் அதை எப்படி எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியாது. பெரிய புயலுக்கு அடுத்த வருஷம். எனக்குத் தொப்பை விழுந்திருந்த காலம். உட்கார்ந்தால் இடுப்புவார் தெரியாது, நின்றால் காலணி தெரியாது. பிரான்சிலிருந்து தபாலில் ஒரு சிறு புத்தகம் வரவழைத்தேன். நிமிர்ந்து நின்றாலே வயிற்றுத் தசை இறுகும் என்று அதில் போட்டிருந்தது. பட்டாளத்துக்காரன் ஒருவன் நெஞ்சைத் தள்ளி, தோளைப் பின்னுக்கு இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படமும் இருந்தது. அதைப் பார்த்து மூன்று மாதம் அப்படியே நின்றேன். விக்கல் வந்தது. முதுகு வலித்தது. மூச்சை விட்டதும் வயிறு விடுமுறை முடிந்த குமாஸ்தாவைப் போல மறுபடி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

பலன் கிடைக்காததால் கட்டுரை எழுதினேன். எழுதுகிறவர்களில் பலர் இப்படித்தான் எழுத வருகிறார்கள்.

இதே பத்திரிகையில்தான் அது வந்தது. தலைப்பு "நிமிர்ந்தால் வயிறு உள்ளே போகும்". உபதேசத்துக்கு ஓர் எதிர் உதாரணம் வேண்டியிருந்தது. எழுதினேன்: "டிராங்கெபாரில் என் உறவினர் ஒருவர் இருக்கிறார். கேள்விக்குறி போல நடப்பார். துறைமுகத்தில் மூட்டை சுமந்ததால் என்பார்கள். நான் நம்பவில்லை. மூட்டையை இறக்கிவைத்த பிறகும் நிமிராதிருப்பது பாரத்தால் அல்ல, சோம்பலால்."

இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு தடவை படித்து ரசித்தேன். உங்களுக்கு எட்டாது என்ற தைரியம். அலுவலகத்தில் ஆங்கிலம், பெரிய இடத்தில் பிரெஞ்சு, உங்களோடு கிரியோல். யாருக்கும் புரியக் கூடாத விஷயத்தை இந்தத் தீவில் ஒருவன் எங்கே எழுதுவான்? தமிழில்தான். நம் ஜனங்கள் பத்திரிகையை வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைப்பார்கள். படிக்க மாட்டார்கள். நான் கோயில் உண்டியலில் போடுவதுபோல அந்த வரியை அதில் போட்டேன்.

ஒன்றை மறந்துவிட்டேன். அதற்கு முந்தைய வருஷம் இதே கோயிலில் நான் ஒரு சொற்பொழிவு ஆற்றியிருந்தேன். நம் பிள்ளைகளை மாலைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பாத பெற்றோர் தாய்மொழிக்குத் துரோகம் செய்கிறார்கள் என்று மேசையைத் தட்டிப் பேசினேன். அன்று பேச்சைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு தகப்பன் மறுநாளே தன் பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தத் தகப்பன் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

கட்டுரை வந்த மூன்றாம் வாரம் தைப்பூசம். மூத்த குமாஸ்தா பதவி கிடைத்தால் காவடி எடுப்பதாக நான் வேண்டிக்கொண்டிருந்தேன், கிடைத்துவிட்டது. பத்து நாள் விரதம் இருந்தேன். காவடியின் இரண்டு முனையிலும் பால்செம்பு. ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை சிந்தாமல் போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் தெரிந்தவர்கள். நான் பட்டாளத்துக்காரன் படத்தை மனதில் வைத்துக்கொண்டு நெஞ்சைத் தள்ளினேன். நெஞ்சு முன்னே போனால் முதுகு வளைகிறது, முதுகு வளைந்தால் காவடி பின்னால் சாய்கிறது என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. பால் முதுகில் ஒழுகியது. வலது கால் இடறியது.

நீங்கள் கூட்டத்தில் என் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தீர்கள், கேள்விக்குறி போல. ஒரு கையால் காவடியைப் பிடித்தீர்கள். மறு கையின் உள்ளங்கையை என் அடிவயிற்றில் வைத்தீர்கள்.

"நெஞ்ச இறக்கு மச்சான். யாருக்குக் காட்டுற, சாமிக்கா, சனத்துக்கா? மூட்டய நெஞ்சு தூக்காது. தொப்புளுக்குக் கீழ ரெண்டு விரல், அங்க லேசா உள்ள இழு. இழுத்துப் பிடிச்சிக்க. மூச்ச விடு, மூச்ச ஏன் பிடிக்கிற? முட்டிய இறுக்காத. தலய மேல யாரோ கயிறு கட்டித் தூக்கற மாதிரி வை. ஆலே, போ, நட."

நடந்தேன். காவடி நேரானது. கோயில்வரை உங்கள் கை என் வயிற்றை விட்டு எடுக்கவில்லை. பிடி தளர்ந்தால் விரலால் ஒரு குத்து. பின்னால் வந்த யாரோ, "அங்க பாருடா, வீராசாமி தன் மச்சானுக்குப் பிரசவம் பாக்கிறாரு" என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் திரும்பாமலே, "புள்ள பொறந்தா உன் பேரத்தான் வைக்கப் போறோம், வழி விடு" என்றீர்கள்.

காவடி எடுத்தவனுக்கு மௌன விரதம், பேசக் கூடாது. அன்று எனக்கு மிகவும் வசதியாக இருந்த விரதம் அது. பிறகு ஆறு வருஷம் நான் அதைக் கலைக்கவில்லை.

அன்று மதியம் உங்கள் வீட்டில் இலை போட்டிருந்தது. ஏழு கறி. லெட்சுமிக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். எனக்குப் பரிமாறிக்கொண்டே, "மாமா, உங்க கட்டுரைய நான் பப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன், முழுசா, எழுத்துக் கூட்டாம" என்றாள். "பப்பா ரெண்டாந்தரம் படிக்கச் சொன்னாங்க."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் நிறுத்தவில்லை.

"அந்தக் கேள்விக்குறி ஆளு நீங்களான்னு பப்பாவக் கேட்டேன். துறைமுகத்துல கூன் விழுந்தவன் நான் ஒருத்தனா, போ புள்ளன்னு சொல்லிட்டாங்க. யார் மாமா அது?"

நீங்கள் எதிர் இலையில் உட்கார்ந்திருந்தீர்கள். ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். தலையை நிமிர்த்தவில்லை.

"கற்பனைம்மா" என்றேன். மௌனம் முடிந்த பிறகு நான் பேசிய முதல் பெரிய வார்த்தை அது.

பஸ்ஸில் திரும்பும்போது அன்னம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க அண்ணனுக்குக் கூன் எப்ப விழுந்துது, தெரியுமா உங்களுக்கு?"

"துறைமுகத்துல..."

"துறைமுகத்துல இருபது வருஷம் மூட்ட தூக்கினப்ப அவரு தென்னமரமாட்டம் நின்னாரு. நம்ம கல்யாணப் படத்தைப் பாருங்க. புயலுக்கு அப்புறம் நம்ம வீடு மாறினோமே, உங்க புத்தக அலமாரிய யாரு ஏத்தினது?"

நினைவுக்கு வந்தது என்று எழுத நினைத்தேன். அது பொய். அது என்னை விட்டுப் போயிருக்கவே இல்லை, நான் அதன் பக்கம் பார்க்காமல் இருந்தேன், அவ்வளவுதான். பீனிக்ஸ் வீட்டுக்கு ஆறு கல் படி. கனமான மர அலமாரி. "புத்தகத்த எடுத்துடு மச்சான், வெறும் பெட்டிய தூக்கிடலாம்" என்றீர்கள். "வரிசை கலைந்துவிடும்" என்றேன். வரிசை! கீழிருந்து நீங்கள் ஒருவர் முதுகு கொடுத்தீர்கள், மேலே நின்று நான் வழி சொன்னேன். நாலாவது படியில் உங்கள் இடுப்பில் ஏதோ ஒரு சத்தம். நீங்கள் அலமாரியை விடவில்லை. உள்ளே வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றீர்கள். என்ன ஆச்சு என்று கேட்டேன். "பா நாரியே" என்றீர்கள், ஒன்றுமில்லை என்று. எனக்கும் அந்தப் பதில் போதுமாக இருந்தது. அதற்கப்புறம் துறைமுகத்தில் உங்களை மூட்டைக்கு விடவில்லை, கயிறு சுற்றும் வேலைக்கு மாற்றினார்கள். மச்சானுக்குச் சுறுசுறுப்பு குறைந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த அலமாரியின் இரண்டாவது தட்டில்தான் பிரெஞ்சுப் புத்தகமும் பிறகு வந்து உட்கார்ந்தது. எப்படி நிமிர்ந்து நிற்பது என்று அதற்குத் தெரியும். வரிசை கலையாமல் நிற்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது நீங்கள் போலீஸ்காரர்களுக்கு எதிரில் நின்றவர்களில் ஒருவர். நான் அப்போது குமாஸ்தாப் பரீட்சைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தேன். நம் இருவரில் யார் யாருக்கு நிமிரச் சொல்லிக்கொடுப்பது?

ஆனாலும் உங்கள் பாடத்தை நான் விடவில்லை. அதுதான் இன்னும் கேவலம். பஸ்ஸுக்கு நிற்கும்போது, கோப்பு படிக்கும்போது, மேலதிகாரி திட்டும்போது, தொப்புளுக்குக் கீழே இரண்டு விரல். மூச்சு அதன் போக்கில். முட்டி தளர்வாக. ஒரு வருஷத்தில் இடுப்புவாரில் மூன்று துளை உள்ளே போனேன். பன்னிரண்டு மாதமும் உங்கள் கை என் வயிற்றில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் டிராங்கெபாரில் உங்கள் வீட்டுக்கு மன்னிப்பை எடுத்துக்கொண்டு வந்தேன், டீ குடித்தேன், மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்த மாலை. நான் கட்டிலோரம் குனிந்து உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கண்ணைத் திறந்து சிரித்தீர்கள்.

"நிமிந்து உக்காரு மச்சான். பத்திரிகையில எழுதின ஆளு நீ."

நான் மன்னிப்புக் கேட்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "வா" என்பதுபோல அதைச் சொன்னீர்கள். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். நல்ல நகைச்சுவையைக் கேட்டவன்போலத் தொடையில் தட்டிச் சிரித்தேன். மணி அடித்தது, பார்வையாளர்கள் கிளம்ப வேண்டும் என்றார்கள். நான் மற்ற எல்லாரையும்விட ஒழுங்காகக் கிளம்பினேன்.

இப்போது லெட்சுமி. போன ஞாயிறு அவள் மேடைக்கான ஒத்திகையைப் பற்றிச் சொன்னாள். ஒரு பிள்ளை கட்டுரையைப் படிக்கும். இன்னொரு பிள்ளை முதுகை வளைத்துக்கொண்டு மேடையில் குறுக்கே நடக்கும். "அந்த இடம் வந்தா வகுப்பே சிரிக்குது மாமா." எட்டு வயதுப் பையன், நன்றாகக் கேள்விக்குறி போடுகிறானாம்.

சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். மச்சான், அவளுக்குத் தெரியாதா? இல்லை, தெரிந்துதான் கொண்டுவந்தாளா? நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம் கேட்டிருப்பேன். நீங்கள் "பா நாரியே" என்றிருப்பீர்கள்.

அவள் போன பிறகு அன்னம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "இந்தத் தடவையும் கற்பனையா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன், அதே பத்திரிகையில், அதே தமிழில், என் பெயரைப் போட்டு. அந்த உறவினரின் பெயர் வீராசாமி. அவர் சோம்பேறி அல்ல. அவர் முதுகை வளைத்தது என் அலமாரி. என் வயிற்றை நேராக்கியது அவர் கை. அந்தப் பழைய கட்டுரையில் சரியான வரி ஏதாவது இருந்தால் அது என்னுடையது அல்ல, தவறான வரி மட்டும்தான் என் சொந்தச் சரக்கு.

இனி ஒரு வாக்குறுதி. அச்சானதும் முதல் பிரதியை சாந்த் குருவாவுக்கு நானே எடுத்துப் போவேன். ஒத்திகை நேரத்தில், பிள்ளைகள் எல்லாரும் இருக்கும்போது, லெட்சுமியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வேன். எழுத்துக் கூட்டாமல், முழுசாக. வேண்டுமானால் இரண்டாந்தரமும் படிக்கட்டும். கேள்விக்குறி போட்ட அந்தப் பையனை முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்வேன், மேடையில் நான் நிற்பேன். தலை குனிந்துதான் இருக்கும், அதை மன்னியுங்கள். மற்றதெல்லாம் நீங்கள் சொன்னபடி இருக்கும்: முட்டியை இறுக்க மாட்டேன், மூச்சைப் பிடிக்க மாட்டேன், தொப்புளுக்குக் கீழே இரண்டு விரலை அவள் முடிக்கும்வரை தளர விடமாட்டேன். தளர்ந்தால் குத்த நீங்கள் இல்லை.

இப்படிக்கு,
நீங்கள் சுமந்து படியேற்றிய
தங்கை வீட்டுக்காரன்,
ரங்கசாமி