எஃபெஸ் பயணமும் ஒரு கோப்பை உப்புக் காப்பியும்

இஸ்மிர்,
ஏப்ரல், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் குல்சுனுக்கு அம்மா எழுதுவது.

உடம்பைப் பொறுத்தவரை இங்கே நாங்கள் மூவரும் சுகம், அங்கே ஹாம்பர்க் குளிரில் நீயும் எர்கினும் குழந்தை ஓஸானும் சுகமாக இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். மனதைப் பொறுத்தவரை ஒன்றும் சொல்வதற்கில்லை. எனக்கு வந்த படபடப்பு இன்னும் இறங்கவில்லை, கையில் இருப்பது பேனாவா கரண்டியா என்றே தெரியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அது கூடத்தில் இருக்கிறது, நீ அந்தப் பக்கம் கத்துவது சமையலறை வரை கேட்கும். அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்துகொண்டு படி. உன் முஸெய்யன் அத்தையைப் பெண் கேட்டு வந்தார்கள். ஆமாம், புருஷன் போனபின் நம்மோடு வந்து தங்கிவிட்ட உன் அப்பாவின் அக்காவைத்தான், அறுபத்தொரு வயதில். கேட்டவர் யார் தெரியுமா, நம் தலைக்கு மேலே மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறாரே, ஸஃபெத் வாத்தியார், அவரேதான்.

எல்லாம் உன் எஃபெஸ் பயணத்தால் வந்தது. மே மாதம் வரும்போது ஓஸானுக்கு அந்தக் கிரேக்கர் காலத்து நகரத்தின் இடிபாடுகளைக் காட்ட வேண்டும், கார் வேண்டாம், அவனுக்கு ரயில் என்றால் உயிர், காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று நீ சொன்னாய் அல்லவா. உன் அப்பா உடனே, வாத்தியாரைக் கேட்போம், வேலையில் இருந்த காலமெல்லாம் வருஷா வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே ரயிலில் மேய்த்துக்கொண்டு போனவர் என்று போன வாரம் ஒரு சாயங்காலம் அவரைக் கீழே கூப்பிட்டார். அவரும் பொறுமையாக யோசனை சொன்னார். பஸ்மனே ஸ்டேஷனில் காலை வண்டி, செல்சுக்கில் இறங்கி மினிபஸ், மேல்வாசல் வழியாக நுழைந்தால் சரிவிலேயே இறங்கி வரலாம், குழந்தை களைக்காது, உள்ளே நிழல் கிடையாது அதனால் தொப்பி, பளிங்கு வழுக்கும் அதனால் ரப்பர் அடிச் செருப்பு. எல்லாம் சொல்லிவிட்டு, அப்ப ஆறு பேருக்கு டிக்கெட், நானே வாங்கிட்டு வந்துடறேன் என்றார். உன் அப்பா வழக்கம்போல, "அஞ்சு போதும் வாத்தியாரே. அக்கா வராது, அதுக்கு முழங்கால் வலி. வீட்டையும் யாராவது பாத்துக்கணுமில்ல" என்றார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அந்த முழங்காலோடயா எனக்குக் காய்ச்சல்னு சொன்னதும் மாடி ஏறி மூணு நாளு சூப் கொண்டுவந்தாங்க?" என்றார். உன் அப்பா சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அத்தை காப்பி போட எழுந்து போனார்.

தட்டில் நாலு கோப்பை வந்தது. நுரை அதிகமாக இருக்கிற கோப்பையைக் கண்டால் உன் அப்பாவின் கை சும்மா இருக்காதே, நீட்டினார். அத்தை தட்டைச் சட்டென்று திருப்பி, "அது உனக்கில்ல" என்றார். அதை வாத்தியார் எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தவர் பேச்சை நிறுத்திவிட்டு அத்தையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மீசைகூட அசையாமல் அடிமண்டி வரை குடித்து முடித்து, "உங்க கைக்கு ஆரோக்கியம் கிடைக்கட்டும்" என்றார். தண்ணீர் கேட்டார். இன்னொரு டம்ளர் கேட்டார். பாவம், மத்தியானம் ஊறுகாய் அதிகம் தின்றிருப்பார் போல என்று நான் நினைத்துக்கொண்டேன், என் புத்தியை என்ன சொல்ல.

மறுநாள் காலையில் மணி அடிக்கிறது, திறந்தால் வாத்தியார் கோட்டும் டையுமாக நிற்கிறார். உன் அப்பா பைஜாமாவோடு போய் நின்றார். "ரிஃபாத் தம்பி, ஞாயித்துக்கிழமை உங்களுக்குச் சௌகரியப்படுமா? மனிசாவிலேர்ந்து தங்கச்சியை வரச் சொல்றேன், பூவும் சாக்லேட்டும் வாங்கிட்டு வர்றோம்" என்றார். உன் அப்பா, "எஃபெஸுக்கு டிக்கெட் எடுக்க எதுக்கு வாத்தியாரே பூவெல்லாம்?" என்று கேட்டாரே பார்க்கணும். அதற்கு அந்த மனுஷன் நிதானமாக, "நேத்து காப்பியில உப்பு இருந்துச்சு. நான் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிட்டேன்" என்றார்.

நான் அப்படியே செருப்பு அலமாரி மேல் உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பெண் கேட்டு வந்தபோது நீயும் எர்கினுக்கு உப்புக் காப்பிதானே கொடுத்தாய், முகம் சுளிக்காமல் குடிப்பவன்தான் மாப்பிள்ளை என்று, அவன் புரையேறி உன் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் துப்பினானே, அதே காப்பிதான். இருபது வயதுப் பெண்கள் செய்கிற வேலை இது! அத்தைக்குத் தப்பிக்க எப்படியாவது ஒரு வழி விடலாம் என்று சமையலறைக்கு ஓடினேன். அவர் கறிக்கு வைத்திருந்த கூனைப்பூவின் முள்ளிதழ்களை உரித்துக்கொண்டிருந்தார். "அக்கா, ரெண்டும் வெள்ளைதானே, சக்கரைன்னு நெனச்சு உப்பை அள்ளிப் போட்டுட்டீங்க, அப்படித்தானே?" என்றேன். அவர் தலையைக்கூடத் திருப்பாமல், "இந்தச் சமையல்கட்டுல கண்ணைக் கட்டிவிட்டாலும் உப்பு எது சக்கரை எதுன்னு எனக்குத் தெரியும் நெஸிஹே" என்றார்.

பிறகு வீடு வீடாக இல்லை. இந்த வயதில் இதென்ன கூத்து, கடைத்தெருவில் என் முகத்தை எங்கே வைப்பேன், எஃபெஸும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், பயணம் ரத்து என்று உன் அப்பா குதித்தார். எனக்கும் கோபம்தான், ஒளிப்பானேன். அத்தை போய்விட்டால் இந்த வீட்டை நான் எப்படி ஒப்பேற்றுவேன் என்ற பயம் வேறு. இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் கூடச் சமைத்த என்னிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டேவிட்டேன். அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். "நீங்க யாராவது என்னைக் கேட்டிருந்தா நான் வாயாலயே சொல்லியிருப்பேன்" என்றார். உன் அப்பா குரலை ஏற்றி, "சரி, இப்ப கேக்குறேன். உனக்கு என்னதான் வேணும் அக்கா?" என்றார். அத்தை, "எஃபெஸைப் பாக்கணும்" என்றார்.

அவர் எஃபெஸைப் பார்த்ததே இல்லையாம் குல்சுன்! இஸ்மிரில் பிறந்து வளர்ந்தவர், ரயிலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற இடம். இருக்கவே இருக்காது என்று நான் ஒவ்வொரு தடவையாக நினைத்துப் பார்த்தேன். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் போனோம், உன் தாத்தா நோயில் படுத்திருந்தார், அத்தை இருந்துகொண்டார். உனக்குக் கல்யாணமான வருஷம் மாப்பிள்ளை வீட்டாரோடு போனோம், ராத்திரி விருந்துக்குச் சமைக்க அத்தை இருந்துகொண்டார். உள்ளே சோறு வைத்துத் திராட்சை இலை சுருட்டி, முட்டை அவித்து, பிளாஸ்கில் டீ ஊற்றி, கூடையை வாசல் வரை கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். கூடை ரயில் ஏறியிருக்கிறது, அவர் ஏறவில்லை. உன் அப்பா போய்ப் பால்கனியில் நின்றார், இருட்டும் வரை உள்ளே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வாத்தியார் கையில் லில்லிப் பூ, அவர் தங்கை கையில் வெள்ளித் தட்டு நிறைய சாக்லேட். எல்லோரும் உட்கார்ந்து, வானிலை பேசி, உன் நலம் கேட்டு, கடைசியில் அந்த அம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அல்லாஹ்வோட கட்டளைப்படி, நபியோட சொல்படி, உங்க அக்கா முஸெய்யனை எங்க அண்ணன் ஸஃபெத்துக்குக் கேக்குறோம்" என்றார். வீட்டுத் தலைவர் கொடுத்தோம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும் அல்லவா. உன் அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னைக் கேக்காதீங்க. அக்காவுக்குப் பதிலா நான் பேசினதெல்லாம் போதும். அவங்களையே கேளுங்க" என்றார். இந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. எல்லோரும் அத்தையைப் பார்த்தோம், சரி என்றுதானே சொல்வார் என்று நான் இனிப்பை எடுக்கக்கூட எழுந்துவிட்டேன்.

அத்தை, "இப்ப சொல்ல மாட்டேன்" என்றார். வாத்தியாரின் தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. அத்தை வாத்தியாரைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க. உங்களைப் பிடிக்காம இல்ல. நான் ஒருத்தருக்கு மகளா இருந்தேன், ஒருத்தருக்குப் பொண்டாட்டியா இருந்தேன், இந்த வீட்டுக்கு அக்காவா அத்தையா இருந்தேன். இன்னைக்குச் சரின்னா உங்க பொண்டாட்டியாத்தான் அங்க போவேன். ஒரே ஒரு நாளு, யாருக்கும் எதுவுமா இல்லாம, நானா போய்ப் பாக்கணும். வந்து பதில் சொல்றேன்" என்றார். வாத்தியார் எழுந்து, "நல்லா பாத்துட்டு வாங்க. நான் அந்த வண்டியில வரல. சாயங்காலம் நீங்க திரும்பி வர்றப்ப பஸ்மனேயில நிக்கிறேன்" என்றார்.

ஆகையால் மே மாதப் பயணத்தை எக்காரணம் கொண்டும் தள்ளிப் போடாதே மகளே, எர்கினுக்கு லீவு கிடைக்காவிட்டால் அவன் அங்கேயே இருக்கட்டும். வரும்போது முப்பத்தெட்டாம் அளவில் நல்ல ரப்பர் அடிச் செருப்பு ஒரு ஜோடி வாங்கி வா, அத்தைக்கு வெளியூர் நடைக்கென்று ஒன்றுமே இல்லை என்பதையும் இப்போதுதான் பார்த்தேன். திராட்சை இலையை நான்தான் சுருட்டப் போகிறேன், பிரிந்து கிடந்தாலும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள். ஓஸானுக்குத் தலையில் எண்ணெய் வை, ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்காதே. அல்லாஹ் உங்கள் மூவரையும் கெட்ட கண் படாமல் காக்கட்டும், உங்கள் பாதையைத் திறந்து வைக்கட்டும். அத்தை என்ன பதில் சொல்வார் என்று மட்டும் என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்தும் தெரியவில்லை, பெண் கேட்டு வந்ததைவிட எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி.

உன் கண்களில் முத்தமிடும்
அம்மா நெஸிஹே