உறவு என்ற இடத்தில்

அக்கா, நேற்று புதுக் கைபேசி வாங்கினேன். பழையதில் இருந்ததெல்லாம் அதற்குள் ஏறிக்கொண்டிருந்தபோது, அவசரத்தில் யாரை அழைக்க வேண்டும் என்று திரை கேட்டது. உங்கள் முகம் நினைவுக்கு வந்துவிட்டது. கடைக்காரர் எதிரில் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

திருநின்றவூரில் நீங்கள் கீழ் வீடு, நான் மேல் வீடு. காலையில் ஒரே ரயில். நீங்கள் அம்பத்தூரில் இறங்கித் தையல் கம்பெனிக்குப் போவீர்கள், நான் சென்ட்ரல் வரை. வருடக்கணக்கில் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். ஒருநாள் உங்கள் போனை என் பக்கம் நீட்டினீர்கள்.

"ஆபத்துன்னா யாரக் கூப்புடணும்னு இதுல போட்டு வெக்கலாமாமே. எம்புள்ள துபாய்ல கீறான், அவனக் கூப்ட்டு இன்னா பண்றது? உன் நம்பர போட்டுக்கட்டா கண்ணு?"

"போட்டுக்கோங்கக்கா" என்றேன். பார்த்துக்கொண்டிருந்த வீடியோவிலிருந்து நிமிரக்கூட இல்லை.

அந்த மதியம் அம்பத்தூர் பிளாட்பாரத்தில் மயங்கி விழுந்தீர்கள். யாரோ ஒரு கல்லூரிப் பெண், பூட்டியிருந்த உங்கள் போனிலேயே அவசர விவரத்தைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"பேஷண்ட் முழுப்பேர் சொல்லுங்க" என்றார் நர்ஸ்.

"அக்கா..." என்று தொடங்கி நின்றுவிட்டேன்.

"சுகர் இருக்கா? என்ன மாத்திரை எடுக்கறாங்க?"

தெரியவில்லை. அவரே உங்கள் போனைத் தட்டிப் பார்த்தார். பேர், ரத்த வகை, மாத்திரை எல்லாவற்றையும் நீங்களே போட்டு வைத்திருந்தீர்கள். அதன் கீழே என் பேர். உறவு என்ற இடத்தில், தங்கை.

"கூடப் பொறந்தவங்களுக்கு இதுகூடவா தெரியாது?" என்றார்.

சாயங்காலம் கண் விழித்தீர்கள். "பயந்துட்டியா? உறவு இன்னான்னு கேட்டுச்சி கண்ணு. தங்கச்சின்னு போட்டுகினேன். கோச்சிக்காத" என்று சிரித்தீர்கள். கையைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் பேரே எனக்கு அன்றுதான் தெரியும் என்று சொல்ல நா எழவில்லை. மறுநாள் மாரடைப்பு. மகன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வந்தவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, அம்மா கடைசியா இன்னா சொல்லிச்சி?" என்று கேட்டான். சித்தி என்ற சொல்லைக் கேட்டு உடம்பே குறுகிப்போனது. ஆனாலும் மறுக்கவில்லை. இன்றும் துபாயிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறான். ஒவ்வொரு தடவையும் கூசுகிறது அக்கா. எடுக்காமல் மட்டும் இருப்பதில்லை.

போன வாரம், "அங்க உன்கூட ரூம்ல இருக்கறவர் நம்பரைக் குடுப்பா" என்றேன்.

"இன்னாத்துக்கு சித்தி?"

"நீ போன் எடுக்கலேன்னா நான் யாரைக் கேக்கறது?"

அவன் ஒவ்வொரு இலக்கமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நான் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன்.