ஞாயம் கதையாதை

இன்று லண்டன் ஈஸ்ட் ஹாம் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். கல்லாவில் இருந்த பெண் ஏதோ சொல்ல, பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த அவளுடைய கணவர் திரும்பிப் பார்க்காமலே, "ஞாயம் கதையாதை" என்றார். அவள் சில்லறையை எடுத்துக் கொடுத்தாள். நான் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். நீங்கள் கண்மூடியபிறகு அந்தச் சொல்லை இன்றுதான் கேட்டேன்.

எண்பதுகளில் எங்கள் பிளேஸ்டோ வீட்டு முன்னறைக்கு யாராவது ஒரு பிரச்சினையோடு வந்துகொண்டே இருப்பார்கள். ஒரே அறையில் தங்கியிருந்த பெடியன்களுக்குச் சமையலில் சண்டை, அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை, எல்லாவற்றுக்கும் நீங்கள்தான். இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நியாயம் எண்டு ஒண்டு இருக்குத்தானே" என்று தொடங்குவீர்கள். தேநீரோடு வாசலில் நிற்கும் எனக்கு, உங்கள் மனைவி என்று பெருமையாக இருக்கும்.

ஒருநாள் ரஞ்சினியும் கணவரும் வந்தார்கள். மாலை வகுப்பில் கணக்கியல் படிக்க அவளுக்கு ஆசை. பிள்ளையை யார் பார்ப்பது என்று அவர் மறித்தார்.

"அவவுக்கும் ஆசை இருக்கும்தானே, தம்பி. பின்னேரத்திலை நீர் பிள்ளையைப் பாரும். அதுதான் நியாயம்" என்றீர்கள். அவர் தலையாட்டினார்.

அவர்கள் போனதும் நான் கேட்டேன். ஊரில் கணிதம் படிப்பித்தவள் நான். இங்கே படிப்பிப்பதற்கான பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. பின்னேரங்களில் நீங்கள் பிள்ளைகளோடு நின்றால் போதும். ஏலாது என்றீர்கள். சற்றுமுன் அந்தத் தம்பிக்குச் சொன்னதையே உங்களுக்குத் திருப்பிச் சொன்னேன்.

"இஞ்சை எனக்கு ஞாயம் கதையாதை."

நியாயமும் ஞாயமும் ஒரே சொல்தான். நீங்கள் சொன்னால் அது நீதி, நான் சொன்னால் எதிர்த்து வாய்காட்டுதல்.

பிறகு நானும் பள்ளிக்கூடத்துக்குத்தான் வேலைக்குப் போனேன், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு பரிமாற. அதற்கு நீங்கள் மறுப்புச் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் வரமுன் வீட்டுக்கு வந்துவிடுவேன் அல்லவா.

உங்கள் செத்தவீட்டுக்கு ரஞ்சினி மோர்டனிலிருந்து வந்தாள். இப்போது கணக்காளராக இருக்கிறாள். என் கையைப் பிடித்து அழுதாள்.

"அண்ணையை மாதிரி நியாயமான மனிசரைக் காணேலாது, அக்கா." பிறகு, ஒரு கள்ளமும் இல்லாமல் கேட்டாள். "நீங்கள் ஏனக்கா படிக்கேல்லை?"

நீங்கள் சமாதானம் செய்துவைத்த ஆட்கள் சுற்றிவர நின்றார்கள்.

"எனக்கு அதிலை விருப்பமில்லை, ரஞ்சினி" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். பக்கத்தில் நின்ற எங்கள் மகளும் நம்பிவிட்டாள். நான் இன்னும் அதைத் திருத்தவில்லை.