ரோடெல் பெயரில் வந்த பெட்டி

ஹாங்காங்,
செப்டம்பர் 14

குழந்தை இயேசு துணை.

அன்புத் தங்கை ஜோவிக்கு,

அக்கா தெல்மா எழுதுவது. நான் நலம். போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் அனுப்புவதையெல்லாம் நீ ஊருக்குக் காட்டுகிறாய், அதனால்தான். நம் தெரு மிலா லீவில் வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன்னிடம் விட்டுவந்த என் மகள் பெரியவளான அன்று நீதான் எனக்குப் போன் பண்ணினாய். "அக்கா, அய்ராவை மூணாவது படியிலேருந்து குதிக்கச் சொல்லப்போறேன், வீடியோ எடுத்து அனுப்பவா?" என்றாய். மாதாமாதம் மூன்றே நாளில் முடியட்டும் என்று அம்மா நம்மையும் அப்படித்தானே குதிக்கவைத்தாள்? பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை, இதையாவது பார்க்கலாமே என்று ஆசையாக இருந்தது. "எனக்கு மட்டும் அனுப்புடி" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

நீ அதில் பாட்டைச் சேர்த்து, ஊரே பார்க்கும் உன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை லீவில் எல்லோரையும்போல நானும் பூங்காவில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து அட்டைக்காரி அதை என்னிடமே காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். அது என் மகள் என்று அவளுக்குத் தெரியாது. என் அட்டையை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் அய்ராவைப் பார்த்தாலே "குதி, குதி" என்று கத்துகிறார்களாம். அவள் இப்போது பள்ளிக்கே போவதில்லையாம். இதைக்கூட மிலாவின் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் போனை அய்ரா எடுப்பதில்லை. "அம்மா பார்க்க ஆசைப்படுறா" என்று நீ சொன்னதால்தானே குதித்தாள்? நானே அவளை விற்றுவிட்டேன் என்று நினைக்கிறாள்.

ஜோவி, அந்த வீடியோவை எடுத்துவிடு. என்னோடு ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல் அவளை.

உன் அக்கா,
தெல்மா


இலோய்லோ,
அக்டோபர் 2

என் செல்ல அக்காவுக்கு,

ஆயிரம் முத்தம். மிலா கடிதத்தைக் கொடுத்தாள். நீ கொடுத்தனுப்பிய சாக்லேட்டில் பாதியை வழியிலேயே தின்றுவிட்டாள், அவள் குணம் தெரியாதா! இங்கே வீட்டு வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திர விளக்கை இப்போதே ஏற்றிவிட்டேன், இந்தத் தெருவில் முதல் விளக்கு நம்முடையதுதான்.

எதற்கு அக்கா இவ்வளவு கோபம்? அந்த வீடியோவை முப்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். எடுத்துவிட்டால் என் பக்கமே படுத்துவிடும். அய்ரா சின்னப் பெண், நாலு நாள் முறைப்பாள், அப்புறம் சரியாகிவிடுவாள். நான் காலையில் பல் விளக்குவதிலிருந்து ராத்திரி அழுவது வரை எல்லாவற்றையும் காட்டுகிறேன். யாராவது கட்டாயப்படுத்தினார்களா? நேற்றுகூட நேரலையில் சொன்னேன், "நம்ம வீட்ல மறைக்க என்ன இருக்கு?" என்று. எத்தனை இதயம் பறந்தது தெரியுமா?

கிறிஸ்மஸ் பெட்டியை மறந்துவிடாதே. வழக்கம்போல அனுப்புபவர் இடத்தில் என் வீட்டுக்காரர் ரோடெல் பெயரைப் போடு. அவர் எழுதுவதுபோல ஒரு வாழ்த்து அட்டையையும் மேலாக வை. அவர் செபுவில் இன்னொருத்தியோடு இருப்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். என்னைப் பார்ப்பவர்களுக்கு அவர் இன்னும் கப்பலில்தான் இருக்கிறார். "கப்பல்காரர் ரோடெல்" என்றாலே உருகிப்போகிறார்கள். நீ அனுப்பும் செருப்பு, சட்டையெல்லாம் சித்தப்பா அனுப்பியது என்றுதான் அய்ராவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அவளுக்கு வாய் நிற்காது.

அட்டையில் என்ன எழுதினாய் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதே. நேரலையில் முதல் தடவையாகப் படித்தால்தான் எனக்கு நிஜமாகவே கண்ணீர் வரும்.

உன் செல்லம்,
ஜோவி

பி.கு. லோஷன் வெள்ளை மூடி போட்டதாக வாங்கு. போன முறை வந்ததற்கு வாசனையே இல்லை.


ஹாங்காங்,
நவம்பர் 16

அன்புத் தங்கை ஜோவிக்கு,

கோபமெல்லாம் போய்விட்டது. என்ன இருந்தாலும் நீ என் கூடப்பிறந்தவள். நீ சொன்னதும் சரிதான், நம் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது?

பெட்டி கிளம்பிவிட்டது. டின் இறைச்சி, காபித்தூள், லோஷன் (வெள்ளை மூடிதான், மகாராணி!), அய்ராவுக்குச் செருப்பு. அட்டை மேலேயே இருக்கிறது. இந்த முறை ரொம்ப யோசித்து எழுதினேன். நேரலையில் பெட்டி பிரிக்கப்போவதை நாலு நாள் முன்பே அறிவித்துவிடு, நல்ல கூட்டம் சேரட்டும். அய்ராவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள். சத்தமாகப் படி.

அவள் இன்னும் என் போனை எடுக்கவில்லை. எனக்கு ஒரு வார்த்தை போதும்.

உன் அக்கா,
தெல்மா


கிறிஸ்மஸ் வாழ்த்துகள்!
கப்பலிலிருந்து

என் உயிர் ஜோவிக்கு,

கடல் அமைதியாக இருக்கிறது. கண்ணை மூடினால் உன் முகம்தான். உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் என் வாழ்த்து. அவர்களிடம் ஒன்று சொல்லவேண்டும், சத்தமாகப் படி கண்ணே.

நான் கப்பலில் இல்லை. நாலு வருஷமாகச் செபுவில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறேன். உனக்கு ஒரு சோப்புக்கட்டிகூட நான் அனுப்பியதில்லை. எல்லாம் உன் அக்கா தெல்மா, அடுத்தவர் வீட்டுக் கக்கூஸ் கழுவி அனுப்பியது. இந்த அட்டையும் அவள் எழுதியதுதான்.

என்ன, நிறுத்திவிட்டாயா? போனை அணைக்காதே. என் பெண்ணைக் குதிக்கவைத்து ஊருக்கெல்லாம் காட்டினாயே, இப்போது நீ குதி. எல்லோரும் பார்க்கட்டும். நம்ம வீட்ல மறைக்க என்ன இருக்கு?

இப்படிக்கு,
ரோடெல் ஆகிய தெல்மா


இலோய்லோ,
டிசம்பர் 22

தெல்மாவுக்கு,

பெட்டி வந்தது. நீ நினைத்தது நடந்தது.

"நான் கப்பலில் இல்லை" என்பது வரைதான் படித்தேன். "கையெழுத்து புரியலப்பா" என்று சிரித்துச் சமாளித்து, அட்டையை மடியில் கவிழ்த்தேன். அய்ரா அதை வெடுக்கென்று பிடுங்கினாள். மாசக்கணக்காகக் கேமரா பக்கமே வராத பெண். "நான் படிக்கிறேன் சித்தி" என்று ஒரு எழுத்து விடாமல் கடைசி வரை படித்தாள்.

அப்புறம் போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் முகத்தை மூடிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினேன், பின்னாலேயே வந்தாள். "நிறுத்துடி, உன் காலைப் பிடிக்கிறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "குதி சித்தி" என்றாள். அந்தப் பையன்கள் மாதிரி கத்தவில்லை. சாதாரணமாக, சாப்பிடக் கூப்பிடுவதுபோலச் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது படியில் ஏறி நின்று குதித்தேன், தெல்மா. கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது. அப்போதும் அவள் போனை இறக்கவில்லை.

அவள் வீடியோவை எடுத்துவிட்டேன். இனி அதை யார் தேடப்போகிறார்கள், என்னுடையதைத்தானே பார்க்கிறார்கள். போனும் பக்கமும் இப்போது அய்ரா கையில். ஜனங்கள் என்னைத் திட்டி எழுதுவதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் எனக்கே படித்துக்காட்டுகிறாள். உன்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவளைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

அவளிடமிருந்து ஒரு வார்த்தை போதும் என்று எழுதியிருந்தாய். "அம்மாவுக்கு எழுதுறேன், ஏதாவது சொல்லணுமா?" என்று அவளிடம் கேட்டேன். உன் மகள் சிரித்தாள்.

"அட்டை ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லு சித்தி. அடுத்தது யாருக்குன்னு கேளு."

ஜோவிலின்