வேலிக்கு அந்தப் பக்கம் விழுங்கிய குளிசைகள்

2017 பங்குனி (மார்ச்) 6, திங்கள். மன்னார், கீரிக் கிராமம்

மத்தியானம் சோற்றில் ஒரு கல். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கடைவாய்ப் பல்தான் பாதி போய்விட்டது.

ஏழாம் மாதம். உள்ளே இருப்பது உதைக்கிற உதையில் ஏற்கெனவே நித்திரை இல்லை, இனிப் பல்லும் சேர்ந்துகொள்ளும். என் மனுசன் வலன்ரைனின் அம்மா, லூசியா மாமியிடம் சொன்னேன்.

"தவக்காலம் பிள்ளை, நோவை ஆண்டவருக்கு ஒப்புக்குடு" என்றார்.

தன் முழங்கால் வலியை இதுவரை எந்தத் தவக்காலத்திலும் ஒப்புக்கொடுக்காத மனுசி.

பங்குனி 7, செவ்வாய்

மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பல் டொக்டர் துப்புரவாக்கி மருந்து வைத்தார். வலித்தால் போட பனடோல் தந்தார், வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொன்னார். என் மனுசன் டொக்டருக்கு முன்னால் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினார். பஸ் நிலையத்தடிக்கு வந்ததும் குளிசைகளை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய் என்றால் அவர் அந்தோனியார் கோயிலுக்குப் போகிற நாள். இருட்டத்தான் வந்தார்.

"நேர்த்தி வைச்சிட்டன். பிள்ளை பிறக்கும் மட்டும் எங்கட வேலிக்குள்ள ஒரு நோவுக் குளிசையும் போடமாட்டம். பதிலுக்கு அந்தோனியார் பிள்ளையை முழுசாத் தருவார்."

கடற்கரை மீன் வாடியில் யாரோ போனில் காட்டினார்களாம், குளிசை போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு என்னென்னவோ வருமாம். சொன்ன ஆள் யார் என்று கேட்டேன். "வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தவர்" என்றார். மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறவனும்தான் வெள்ளைக் கோட்டுப் போடுகிறான்.

பல் என்னுடையது. வாயும் என்னுடையது. நேர்த்தி மட்டும் அவருடையது!

பங்குனி 8, புதன்

கோபம் இறங்கிவிட்டது. வலி இறங்கவில்லை.

போன முறை நாலாம் மாதத்தில் பிள்ளை போனது. அப்போது நான் ஒரு குளிசையும் போட்டதில்லை. இதை அவரிடம் சொல்லலாமா? சொன்னால், "போடாமலே அப்படி எண்டால், போட்டால்?" என்பார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் கறிக்குப் போடும் கராம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

பங்குனி 10, வெள்ளி

நேர்த்தி தன்னையும் பிடிக்கும் என்று மாமிக்கு இன்றுதான் விளங்கியது. அலுமாரியில் இருந்த அவருடைய முழங்கால் குளிசைத் தகர ரின்னை வலன்ரைன் வெளியே எடுத்தார்.

"நேர்த்தி இவளுக்குத்தானேடா!"

"வேலிக்குள்ள எண்டு சொல்லிப்போட்டன் அம்மா. நீங்களும் வேலிக்குள்ளதானே இருக்கிறியள்?"

சிரித்துவிட்டேன். பல் அதற்கு நல்ல தண்டனை தந்தது.

பங்குனி 13, திங்கள்

மாமி நன்றாக நடக்கிறார். எனக்குச் சந்தேகம்.

சந்தேகம் சரி. பக்கத்து வீட்டு நசீறா ராத்தாவின் கோழிகள் வந்து போக, எங்கள் தென்னோலைக் கிடுகு வேலியில் ஒரு பொட்டு, ஓட்டை, இருக்கிறது. காலையில் மாமி அதற்குள்ளால் குனிந்து போகிறார். ரின் இப்போது ராத்தாவின் குசினியில், அடுப்புக்கு மேல். கையும் களவுமாகப் பிடித்தேன். அவர் அசரவில்லை.

"நேர்த்தி வேலியோட முடியுது" என்றார், வழக்குப் பேசுகிற பெரிய அப்புக்காத்து மாதிரி.

பங்குனி 15, புதன்

வலன்ரைனின் காலில் திருக்கை முள் அடித்துவிட்டது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். சுடுதண்ணீர் வாளிக்குள் காலை விட்டபடி கத்தினார், தெருவில் நின்ற கழுதைகள் திரும்பிப் பார்த்தன. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டி, வலிக்குக் குளிசையும் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் அவருக்கு நேர்த்தி ஞாபகம் வந்தது.

"தவக்காலம்தானே, ஒப்புக்குடுங்கோ" என்றேன். ஒரு வாரமாக இப்படி ஒரு சந்தோசம் எனக்கு இருந்ததில்லை.

பங்குனி 16, வியாழன்

வலன்ரைனின் முதுகில் கிடுகுத் தும்பு ஒட்டியிருந்தது. தட்டிவிட்டேன்.

பங்குனி 18, சனி. ஆஸ்பத்திரி

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

வியாழன் இரவே காய்ச்சல். வெள்ளி காலையில் கன்னம் பேக்கரிப் பணிஸ் போல வீங்கியிருந்தது. மாமி தொட்டுப் பார்த்தார், என் கையைப் பிடித்து வேலியடிக்குக் கூட்டிப் போனார். பொட்டுக்குள் என் வயிறு போகாது என்று கண்டு ராத்தா அந்தப் பக்கத்தில் நின்று இரண்டு கிடுகைக் கழற்றினார்.

ராத்தாவின் முற்றத்தில் என் மனுசன் இருந்தார். வாய் நிறையத் தண்ணீர், கன்னத்துக்குள் குளிசை. என்னைக் கண்டதும் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மாமி குசினியில் இருந்து ரின்னை எடுத்து வந்து திறந்தார். "இதைப் போடு பிள்ளை. முழங்காலையே எழுப்புது, பல் என்ன பெரிய பல்லே?"

அன்பாகத்தான் தந்தார். நானும் வாங்கி வாய்க்குக் கிட்டக் கொண்டு போய்விட்டேன்.

"வீட்டில ஒருத்தரும் இல்லை. எல்லாரும் இஞ்ச என்ன, பந்தியே?" பிரான்சிஸ்கா மிஸ், எங்கள் பகுதி மிட்வைஃப். என்னைப் பார்க்க ஸ்கூட்டரில் வந்தவர், கழற்றிய கிடுகு வழியாக வந்து நின்றார். என் கையில் இருந்ததைப் பறித்தார், ரின்னுக்குள் இருந்த குளிசை மட்டையில் மருந்தின் பெயரை வாசித்தார். முகம் மாறியது.

"இந்த மாதங்களில இது கூடவே கூடாது. பிள்ளையின்ர இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. ஆர் குடுத்தது?"

மாமி அப்படியே மணலில் குந்திவிட்டார்.

"டொக்டர் தந்த பனடோல் எங்க?"

வலன்ரைன் தன் சாரத்து மடிப்பில் இருந்து எடுத்தார். ஒளித்து வைக்க இடமில்லாமல் கடலுக்கும் கொண்டு போயிருக்கிறார்!

"இதைத்தான் போட்டிருக்கவேணும், சொன்ன அளவில. காய்ச்சலை வளரவிடுறதுதான் பிள்ளைக்குக் கூடாது."

"நேர்த்தி, மிஸ்..."

"அந்தோனியாரோட நான் கதைக்கிறன். நீர் போய் ஓட்டோவைக் கூப்பிடும்."

பங்குனி 21, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. பல் இல்லை, காய்ச்சலும் இல்லை. பிள்ளையின் இதயம் ஓடுகிற சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். வள்ளத்து எஞ்சின் மாதிரி, நிற்காமல் ஓடுகிறது. அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் தந்த மிச்சக் குளிசைகளை நான் இருந்து விழுங்கவென்று வலன்ரைன் ராத்தாவின் முற்றத்தில் ஒரு கதிரை போட்டு வைத்திருந்தார். நான் எங்கள் குசினிக்குள் போனேன், அவருக்கு முன்னால் தண்ணீரை எடுத்தேன்.

"என்ர வாய்க்கு நீங்கள் நேர்த்தி வைக்கேலாது. எனக்கும் பயம்தான். அண்டைக்கு என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

விழுங்கினேன். அவர் கூரையைப் பார்த்தார். விழும் என்று நினைத்தாரோ என்னவோ. கூரை விழவில்லை.

"போன பிள்ளையும்..." என்று தொடங்கி, முடிக்காமல் அழுதார். அவர் அழுது நான் கண்டதில்லை. அவர் தலையை என்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் கோயிலுக்குப் போய், நேர்த்தியைத் தன் வாய்க்கு மட்டும் என்று மாற்றிவிட்டு வந்தார். மாமியை நேர்த்தியில் இருந்து விட்டுவிட்டாராம். வேலிக்கு அப்பாலும் போடமாட்டாராம்.

வைகாசி 23, செவ்வாய்

பெண். முழுசாக இருக்கிறாள். அந்தோனியா.

இரவு முழுக்க வாட்டுக்கு வெளியே நின்ற மனுசனுக்குத் தலையிடி. கையில் குளிசையை வைத்துக்கொண்டு, "பிறந்திட்டுதுதானே?" என்று நேர்ஸிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் விழுங்கினாராம்.

ஆடி 26, புதன்

இன்று பிள்ளைக்கு முதல் ஊசி. சொன்னபடியே பின்னேரம் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் தந்த பாணி மருந்தை அளந்து எடுத்து, பருக்கச் சொல்லி வலன்ரைனிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையையும் தூக்கித் தந்தேன். கொஞ்ச நேரமாக ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தேன்.

வேலியடியில் நின்றார். கழற்றிய கிடுகை யாரும் திரும்பக் கட்டவில்லை. ராத்தா வருகிறார், மாமி போகிறார். வலன்ரைனின் ஒரு கால் எங்கள் முற்றத்தில், ஒரு கால் ராத்தாவின் முற்றத்தில். ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் மருந்து.

"நேர்த்தி முடிஞ்சு எவ்வளவு நாள்?" என்றேன்.

"தெரியும். எண்டாலும்..." பிள்ளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எந்தப் பக்கம் நிண்டு குடுக்க? நீ சொல்லு."

"உள்ளுக்கு வாங்கோ" என்றேன்.

வந்தார்.