மாக் சிக்கின் பெயர்

ஃபிரிஸ்கோ, டெக்சஸ்,
செவ்வாய் மாலை.

அன்புள்ள பர்வதம் அக்காவுக்கு,

நானும் குழந்தையும் நலம். ஏழு முறை கூப்பிட்டேன். நைட் டியூட்டியில் உன் போன் லாக்கரில் இருக்கும். எடுத்ததும் முதலில் இதைப் படி.

என் பிரசவத்துக்குப் பார்த்துக்கொள்ள நீ பினாங்கிலிருந்து அனுப்பிவைத்த மாக் சிக்கைக் காணவில்லை. காலையில் இஞ்சி தீர்ந்துவிட்டது. கடை எங்கே என்று கேட்டார். பாலூட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். காரில் பத்து நிமிடம் என்று சொல்லத் தோன்றவில்லை, பாவி நான். குடையை எடுத்துக்கொண்டு நடந்தே போய்விட்டார். இங்கே யார் நடக்கிறார்கள்? எல்லா வீடும் ஒரே அச்சு, வெயிலோ நூற்றுநாலு டிகிரி. சர்க்கரை மாத்திரை சமையல் மேடையிலேயே இருக்கிறது. அவரிடம் போனும் கிடையாது.

அச்சுதன் போலீசில் சொல்லிவிட்டு வந்தார். என்ன பெயர் கொடுத்தீர்கள் என்று பிறகுதான் கேட்டேன். “ஃபர்ஸ்ட் நேம் மாக், லாஸ்ட் நேம் சிக்னு ஃபில் பண்ணேன், ஏன்?” என்கிறார். சென்னை மாப்பிள்ளை, அவருக்கு என்ன தெரியும்? பினாங்கில் வயதான மலாய் அம்மாக்களை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், சென்னையில் ஆண்டி என்பதுபோல என்றேன். முகம் வெளுத்துவிட்டது. சரி, நிஜப் பெயர் என்ன என்றார்.

எனக்குத் தெரியவில்லை அக்கா. பத்தொன்பது நாளாக என் வயிற்றில் துணி சுற்றிக் கட்டிவிட்டவர். முதலில் ‘புவான்’ என்று மரியாதையாக அழைத்தவர், இப்போது மகளே என்கிறார். பெரியவர்களைப் பெயர் சொல்லக்கூடாது என்றுதானே வளர்ந்தோம், நான் கேட்கவே இல்லை.

பாஸ்போர்ட் அவர் இடுப்புப் பையில் இருக்கிறது. டிக்கெட் போட்டது நீ.

மதியம் ரோட்டோரம் விழுந்து கிடந்த ஒரு பெண்மணியைக் கொண்டு வந்ததாக ஒரு மருத்துவமனையில் வாய்தவறிச் சொல்லிவிட்டார்கள். ஆனால் மாக் சிக் என்று யாரும் இல்லையாம், சரியான பெயர் சொன்னால்தான் உள்ளே விடுவார்களாம். அச்சுதன் அந்த வாசலிலேயே நிற்கிறார். அது அவராக இருக்கட்டும் என்றும் வேண்டுகிறேன், இருக்கக் கூடாது என்றும் வேண்டுகிறேன். இன்று காலை அவர் கட்டிவிட்ட துணியை அவிழ்க்கப் பயமாக இருக்கிறது.

முழுப் பெயரை அனுப்பு, ‘பிந்தி’ போட்டு, இன்னார் மகள் என்று அவர் அப்பா பெயரோடு. அவர் மகளிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே. உனக்குக் கோடிப் புண்ணியம். நான் போய் முதலில் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
ஸ்வர்ணா